லேத் கைப்பிடியில் கால் சுற்று ஆட்டம்: எங்கே தேடுவது, எதைத் திருத்துவது?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறடி லேத், பெல்ட்டில் ஓடுவது, ஏற்கெனவே பாவித்ததை வாங்கினேன். தண்ணீர்ப் பம்ப் சாவ்ட், லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) சாமான், அரிசி மில் வேலைதான் கூட வரும். டூலைக் குறுக்காக வேலைக்குள் தள்ளுகிற குறோஸ் ஸ்லைட்டின் கைப்பிடி கால் சுற்று சும்மா சுழன்ற பிறகுதான் டூல் அசைகிறது. பெயரிங் இருக்கிற இடத்தைக் கடைந்தால் ஒன்றில் ஏறாது, இல்லையென்றால் லூசாகிவிடும். டூலை நீளவாக்கில் ஓட்டுகிற சடில் சில்லைத் தொட்டாலே டூல் பாய்கிறது. ஒருவர் நட்டுக்குள் குண்டு உருளுகிற போல் ஸ்குரூ போடச் சொல்கிறார், இன்னொருவர் அசைவை எண்ணாகக் காட்டுகிற டிஜிட்டல் ஸ்கேல் பூட்டச் சொல்கிறார். எதைச் செய்ய? டயலில் 80 கோடு, ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீற்றர்.

பதில்: தம்பி, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே இரண்டு எண், பாதிப் பதில் அதற்குள்தான் கிடக்கிறது. 4 மி.மீ.யை 80 ஆல் பிரித்தால் ஒரு கோடு 0.05 மி.மீ. டூல் அவ்வளவு உள்ளே போனால் சாவ்ட்டின் விட்டம் 0.1 குறையும், சுற்றிவர எல்லாப் பக்கமும் சீவுப்படுகிறதல்லவா. உதாரணத்துக்கு 6205 பெயரிங்கை எடுங்கள், அதன் உள்விட்டம் 25 மி.மீ. அதை இறுக்கமாக ஏற்ற வழக்கமாக எடுக்கும் சாவ்ட் அளவு 25.002 இலிருந்து 25.015 வரை. உங்களுக்கு விட்டிருக்கிற இடம் 0.013 மி.மீ.தான். நெல் மூட்டை நிறுக்கிற தராசில் தாலிக்கொடியை நிறுத்துவிட்டுத் தராசு பிழை என்று சொல்வது போலத்தான் இது. ஆட்டமே இல்லாத புது மெசினில் இந்த டயல் இருந்தாலும் உங்களுக்கு இதே கரைச்சல் வரும்.

ஆகவே இங்கே இருப்பது இரண்டு வருத்தம். ஒன்று கைப்பிடியின் ஆட்டம், மற்றது டயலின் கோடு பெரிதாக இருப்பது. இரண்டுக்கும் மருந்து வேறு.

காசு செலவில்லாத வேலையை முதலில் சொல்கிறேன், நாளைக்குக் காலையே செய்து பார்க்கலாம். குறோஸ் ஸ்லைட்டின் மேல் இருக்கிற, திருப்பக்கூடிய சின்ன ஸ்லைட்டான டொப் ஸ்லைட்டை லேத்தின் நீளத்துக்குச் சமாந்தரமாகத் திருப்புங்கள். அங்கிருந்து ஐந்தே முக்கால் பாகை சரித்து, டூல் முன்னே போகப் போக வேலைப் பக்கம் நெருங்குகிற மாதிரி இறுக்குங்கள். அந்தச் சரிவில் டொப் ஸ்லைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் டூல் வேலைக்குள் போவது 0.01 மட்டும், பத்தில் ஒன்று. அதன் டயலிலும் ஒரு கோடு 0.05 என்றால், விட்டத்தில் ஒரு கோட்டுக்கு 0.01 மி.மீ. குறையும். குறோஸ் ஸ்லைட்டால் 25.1 வரை கொண்டுவந்து அதை அப்படியே பூட்டிவிட்டு, மிச்சத்தை டொப் ஸ்லைட்டால் எடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டூல் 0.01 உள்ளே போகும்போது நீளப் பக்கமும் 0.1 நகர்கிறது. படி வைத்த சாவ்ட் என்றால் படிக்கு முன்னமே நிறுத்தி, படியைப் பிறகு தனியாகத் துப்புரவாக்குங்கள்.

இனி ஆட்டம். கால் சுற்று என்றால் உங்கள் ஸ்குரூவில் 1 மி.மீ. பயப்பட வேண்டாம், இதைவிட மோசமான மெசினில் நல்ல வேலை செய்தவர்கள் வன்னியில் நிறையப் பேர். கைப்பிடியை எப்போதும் உள்ளே போகிற பக்கமாகவே சுற்றி அளவுக்கு வரவேண்டும். ஒரு கோடு தாண்டிவிட்டால் ஒரு கோடு பின்னுக்கு எடுக்கக் கூடாது, அரைச் சுற்றுப் பின்னுக்கு எடுத்துத் திரும்ப வரவேண்டும். இது கைப்பழக்கம், ஒரு கிழமையில் வந்துவிடும். ஆட்டம் உண்மையில் கடிப்பது வேறு இடத்தில். துண்டு வெட்டும்போதும் பித்தளை கடையும்போதும் வேலையே டூலைத் தன் பக்கம் இழுக்கும். அந்த 1 மி.மீ. தூரத்துக்கு ஸ்லைட்டைத் தடுக்க ஒன்றும் இல்லாததால் டூல் பாய்ந்து கொத்தும், உடையும். அதற்காகத்தான் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும்.

குறைக்க முதல் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் ஸ்குரூவில் ஓடி ஸ்லைட்டை நகர்த்துகிற நட் தேய்ந்துவிட்டது என்றே தொடங்குவார்கள். நுண்ணிய அசைவை ஊசியால் காட்டுகிற டயல் கேஜ் ஒன்று இரவலாவது வாங்குங்கள். காந்தக் கட்டையைச் சடிலில் வைத்து, ஊசி குறோஸ் ஸ்லைட்டின் முன்முகத்தைத் தொடும்படி செய்யுங்கள். கைப்பிடியை ஒருவர் அசையாமல் பிடிக்கட்டும். நீங்கள் டூல் போஸ்ட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். ஊசி காட்டுவது மொத்த ஆட்டம். அடுத்ததாக ஊசியைக் கைப்பிடி பூட்டியிருக்கும் ஸ்குரூவின் நுனியில் வைத்து அதேபோல் தள்ளி இழுங்கள். இப்போது அசைவது ஸ்குரூவே முன்னும் பின்னும் ஓடுவதால். அது கொலர் ஆட்டம், அதாவது ஸ்குரூவைப் பிராக்கெட்டில் முன்பின் ஓடாமல் பிடித்துவைக்கிற வளையத்தின் ஆட்டம். மொத்தத்தில் இதைக் கழித்தால் மிஞ்சுவது நட்டின் பங்கு. நான் பார்த்த பழைய லேத்துகளில் பாதிக்கு மேல் ஆட்டம் கொலரில் இருந்தது கனதடவை. ஒரு வொஷரும் அரை மணித்தியாலமும் போதுமான வேலைக்குப் புது நட் வார்த்துக் கடைந்தவர்களும் இருக்கிறார்கள்.

கொலரில் ஆட்டம் என்றால் மலிவான வழி, வெண்கல வொஷர் ஒன்றைச் சரியான தடிப்புக்குக் கடைந்து போடுவது. கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் ஊசித் திரஸ்ட் பெயரிங் போடுங்கள். ஸ்குரூவின் அந்த இடம் 15 மி.மீ. என்றால் ஏஎக்ஸ்கே 1528 பொருந்தும். அதன் தடிப்பு 2 மி.மீ.தான், இரண்டு பக்கமும் 1 மி.மீ. வொஷர் சேர்த்தால் 4. இடம் தாராளமாக இருந்தால் 51102 குண்டுத் திரஸ்ட் பெயரிங், அது 9 மி.மீ. இடம் கேட்கும். பின்னால் இரண்டு நட் போட்டு ஒன்றோடொன்று பூட்டுங்கள். போட்டு முடித்ததும் கைப்பிடி எண்ணெயில் சுழல்வது போல் இருக்கும். ஒரு சிக்கலும் கூட வரும்: ஒற்றைப் பிடி வைத்த கைப்பிடி என்றால் அதன் பாரத்தாலேயே, மெசின் அதிர அதிரக் கீழே இறங்கி அளவை மாற்றிவிடும். எதிர்ப்பக்கம் அதே பாரம் வைக்கலாம், அல்லது முழு வட்டச் சில்லே போட்டுவிடலாம். பழைய கேட் வால்வின் வார்ப்பிரும்புச் சில்லு ஒன்றை எடுத்து, துளையையும் விளிம்பையும் கடைந்து நேராக்கினால் அருமையான கைச்சில்லு. சில்லு பெரிதானால் கை நுணுக்கமும் கூடும்.

நட்டின் பங்குதான் பெரிது என்றால் புது நட். வெண்கலம் அல்லது கன்மெட்டல், பழைய பம்ப் புஸ் உருக்கியதும் சரி. நட்டின் நீளத்தில் நடுவில், குறுக்காக ஹக்சோவால் முக்கால்வாசி வெட்டி, கால்வாசியைப் பிணைச்சல் போல விட்டுவிடுங்கள். வெட்டுவாயை விரிக்கும்படி ஒரு சிறு ஸ்குரூ மேலே வையுங்கள். அதை முறுக்க முறுக்க, நட்டின் ஒரு பாதி மரையின் இந்த முகத்தையும் மறுபாதி அந்த முகத்தையும் அழுத்தும், ஆட்டம் குறையும். முழுதாக இல்லாமலாக்கப் பார்க்க வேண்டாம், 0.05 மி.மீ. இருக்கட்டும். காரணம், ஸ்குரூ எல்லா இடமும் ஒரேயளவு தேய்வதில்லை. சின்னச் சாவ்ட் வேலையே கூட என்பதால் அந்த இடத்தில்தான் மரை மெலிந்திருக்கும். அங்கே வைத்து இறுக்கினால், பெரிய விட்டத்துக்குப் போகும்போது தேயாத மரையில் நட் பூட்டிக்கொள்ளும். தேயாத இடத்தில் வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

இந்த நட் விசயத்தில் நான் வாங்கிய அடி ஒன்று. குறோஸ் ஸ்லைட் ஸ்குரூ பெரும்பாலும் இடது மரை. ஸ்குரூ ஓரிடத்தில் நின்று சுழல, நட்தான் ஓடுகிறது. கைப்பிடியை வலப்பக்கம் சுற்றும்போது டூல் உள்ளே போகவேண்டும் என்றால் மரை இடதாக இருந்தே ஆகவேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் ஒருவருடைய லேத்துக்கு இரவிரவாக நட் கடைந்தேன். விடிய ஐந்து மணிக்குக் கொண்டுபோய்ப் பூட்டப் பார்த்தால் ஸ்குரூ நட்டுக்குள் ஏறவே இல்லை. மரை வடிவாக, பளபளவென்று, வலது மரை. கைக்குக் கிடைத்த கடைசி வெண்கலத் துண்டு அதுதான். அந்த நட் இப்போதும் என்னுடைய மேசையில் பேப்பர் பறக்காமல் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கிறவர்கள், ஸ்லைட்டின் பக்க இடைவெளியை நிரப்புகிற கிப் தகட்டை மறந்துவிடுவார்கள். கைப்பிடி இறுகி, பிறகு திடீரென்று ஒரு கோடு துள்ளிப் போவதாக இருந்தால் அதற்கு ஸ்குரூ காரணமில்லை. ஸ்லைட் ஒட்டிக்கொண்டு நின்று, தள்ளுகிற பலம் சேர்ந்ததும் பாய்கிறது. என்னைக் கேட்டால் ஒரேயளவான ஆட்டத்தைவிட இந்தத் துள்ளல் மோசம், எத்தனை கைப்பழக்கம் இருந்தாலும் பிடிபடாது. ஸ்லைட்டை முழுதாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். எங்களுடைய செம்புழுதியும் இரும்புத்தூளும் பழைய கிறீஸோடு சேர்ந்து அரைக்கிற களிபோல் இருக்கும். திரும்பப் பூட்டும்போது கிறீஸ் பூசவே கூடாது, அதுதான் புழுதியைப் பிடித்து வைக்கிறது. 68 ஆம் இலக்க ஸ்லைட் எண்ணெய் நல்லது. கிடைக்காவிட்டால் ஜேசிபிக்காரர் வாங்குகிற 68 ஹைட்ரோலிக் எண்ணெயே போதும், தினம் காலையில் நாலு சொட்டு. கிப் ஸ்குரூக்களை நடுவில் தொடங்கி இரண்டு பக்கமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இனி டயல். கோடு போடுகிற மெசின் ஒன்றும் தேவையில்லை, வீட்டில் கிடக்கிற இரும்பு அளவுநாடா போதும். 200 மி.மீ. நீளத் துண்டை வட்டமாகச் சுற்றினால் விட்டம் 63.66 மி.மீ. வரும். அந்த அளவில் ஒரு வளையம் கடைந்து நாடாவை அதன் மேல் ஒட்டினால் ஒரு சுற்றில் 200 கோடு. உங்கள் 4 மி.மீ. ஸ்குரூவில் ஒரு கோடு சரியாக 0.02 மி.மீ., ஒரு கோட்டின் அகலம் கண்ணுக்குத் தெளிவான 1 மி.மீ. நாடாவுக்கும் தடிப்பு இருப்பதால் வளையத்தை 63.8க்குக் கடைந்து, நாடாவைச் சுற்றிப் பார்த்து, இரண்டு முனையும் இடைவெளியில்லாமல் முட்டும் வரை மெல்ல மெல்லக் குறையுங்கள். ஏறக்குறைய 63.5இல் முட்டும். பெயின்ற்றைச் சுரண்டாமல் அடிப்பக்கத்தை மட்டும் அரத்தாளால் தேய்த்து அரால்டைட் பூசி, சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றிக்கட்டி ஒரு இரவு விடுங்கள். வெட்டும்போது 10 ஆம் சென்ரிமீற்றரிலிருந்து 30 வரை வெட்டிவிட்டுப் பிறகு எண்ணைப் பார்த்து முழிக்க வேண்டாம், நுனிக் கொக்கியைக் கழற்றி 0 இலிருந்து 20 வரை எடுங்கள். வலப்பக்கம் சுற்றும்போது எண் கூடவேண்டும் என்றால் நாடாவைத் தலைகீழாகத்தான் ஒட்டவேண்டி வரும், எண்கள் உங்களுக்குக் கவிழ்ந்து தெரியும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வளையம் ஸ்குரூவில் இறுகாமல், ஒரு சிறு பித்தளைத் துண்டும் ஸ்குரூவும் வைத்துப் பூட்டித் திறக்கிறதாக இருக்கட்டும், டூல் வேலையைத் தொட்ட இடத்தில் பூச்சியத்துக்குத் திருப்பிவைக்கலாம்.

சடில் சில்லு பாய்வதற்குக் காரணம் பல்லுச்சில்லும் பல்லுச்சட்டமும். ஒரு சுற்றுக்கு இருபது மி.மீ. அளவில் ஓடுவது அதன் இயல்பு, அது தூர ஓட்டத்துக்கு. நுணுக்கமான நீள ஓட்டத்துக்கு, மரை வெட்டும்போது சடிலை ஓட்டுகிற நீள ஸ்குரூவான லீட் ஸ்குரூவின் வலது நுனியில் ஒரு கைச்சில்லு பூட்டுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, சடிலை அந்த ஸ்குரூவோடு பூட்டுகிற ஹாஃப் நட்டை மூடி, அந்தச் சில்லைச் சுற்றினால் 6 மி.மீ. லீட் ஸ்குரூவில் ஒரு சுற்றுக்கு 6 மி.மீ.தான் ஓடும். இங்கிலாந்து மைபோர்ட் லேத்துகளில் இது கம்பனியிலிருந்தே வந்தது: அங்குலத்துக்கு 8 மரை, சில்லில் 125 கோடு, ஒரு கோடு ஒரு தவு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஆனால் சில்லில் பிடி வைக்காதீர்கள், விளிம்பைச் சொரசொரப்பாக்கினால் போதும். மரை வெட்டும்போது லீட் ஸ்குரூவோடு சில்லும் சுழலும், சாரத்தோடு நின்று வேலை செய்கிறவர்களை அந்தப் பிடி விடாது.

போல் ஸ்குரூ வேண்டாம். அதில் ஆட்டம் மிகக் குறைவு, உண்மை. ஆனால் உரசலும் மிகக் குறைவு. உங்களுடைய ஸ்குரூவில் மரையின் சரிவு நாலு பாகையளவு, வெண்கலத்தின் உரசலே அதைப் பூட்டிவைக்கிறது. அதனால்தான் கையை எடுத்தாலும் டூல் நின்ற இடத்தில் நிற்கிறது. போல் ஸ்குரூவில் வெட்டுகிற பலமே ஸ்லைட்டைத் தள்ளிக் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும். கம்ப்யூட்டர் லேத்தில் அதை மோட்டார் பிடித்து வைக்கிறது. டிஜிட்டல் ஸ்கேல் நல்ல சாமான், ஸ்லைட்டின் அசைவையே நேராக அளப்பதால் ஸ்குரூவின் பிழை கணக்கில் வராது. வாங்கலாம், ஆனால் கொலரும் கிப்பும் சரிப்பண்ணிய பிறகு. டூல் கொத்துவதை ஸ்கேல் எண்ணால் எழுதிக் காட்டும், தடுக்காது.

காலபோகத்துக்கு முன்னம் பம்பும் லான்ட்மாஸ்டரும் வரிசையாக வந்துவிடும், ஆகவே கழுவுவதும் கொலரும் கிப்பும் இந்தக் கிழமை, டயல் அடுத்த கிழமை. நட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். குறோஸ் ஸ்லைட்டை நீங்கள் வழக்கமாக வேலை செய்கிற இடத்தில் வைத்து ஒருக்கா, முழுதாக உங்கள் பக்கம் இழுத்து வைத்து ஒருக்கா ஆட்டத்தை அளந்து, இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.2க்கு மேல் போனால் புது நட் போட்டும் பயனில்லை, ஸ்குரூவும் கடையத்தான் வேண்டும். அதற்கு உங்களுடைய லேத்திலேயே எப்படி இடது மரை வெட்டுவது என்று அப்போது எழுதுகிறேன்.