ஓ.டி.பி. யார் கைக்கு வருகிறது?

வணக்கம் சார்,

இணையம் சரியாகக் கிடைக்காதவர்கள் படிப்பு, கூலி, மருத்துவம் எல்லாவற்றிலும் ஒருபடி கீழே தள்ளப்படுகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். உங்கள் எழுத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இது பத்து வருடம் பழைய கவலை என்று படுகிறது.

நான் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன். என்னிடம் வேலை செய்பவர்களில் ஃபோன் இல்லாத ஆளே கிடையாது. வாசலில் பூ விற்கும் அம்மாகூட க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார். 2016-இல் ஜியோ வந்த பிறகு டேட்டா எவ்வளவு மலிந்தது என்று உங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் ஒரு சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தோம், கையில் காசும் வைத்தோம். இன்று ஆன்லைனில் போட்டால் வந்துவிடுகிறது, தரகருக்கு வேலை இல்லை. இன்னமும் தெரியாது என்பவர்கள் கற்றுக்கொள்ள முயலாதவர்கள்தானே?

இன்னொன்று. நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் சொந்த ஊர் அரசுப் பள்ளிக்கு 20 டேப்லெட் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். உங்கள் யோசனை என்ன?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

நாலு நடை நடந்த கதை எனக்கும் தெரியும். என் தங்கையின் சாதிச் சான்றிதழுக்காக அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். உங்கள் வாசல் பூக்காரம்மா க்யூ.ஆர். அட்டை வைத்திருப்பதும் நல்லதுதான். ஆனால் அந்த அட்டையில் பணம் வாங்க அவர் எதையும் படிக்க வேண்டாம், எழுத வேண்டாம். எவ்வளவு வந்தது என்று பெட்டியே சத்தமாகச் சொல்லிவிடும். மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அதே ஃபோனில் நிரப்ப முடியுமா என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன், செங்கத்துக்குப் பக்கம். மாமா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக அத்தை மூன்றாவது முறையாக இ-சேவை மையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நானும் கூடப் போனேன். மஞ்சப்பையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் நகலும். மையத்துப் பையன் வேகமாக நிரப்பினான். பிறகு, "ஓ.டி.பி. சொல்லுங்க பாட்டி" என்றான். அத்தையின் பெயரில் பதிவாகியிருந்த எண் ஓசூரில் வேலை பார்க்கும் மகனுடையது. அவன் கம்பெனியில் ஷிப்டுக்குள் நுழையும்போதே ஃபோனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று மணிக்குத்தான் வெளியே வருவான். ஓ.டி.பி.யோ பத்து நிமிடத்தில் செல்லாததாகிவிடும். முந்தைய இரண்டு முறையும் இதே கதைதானாம். அன்றைக்குக் காலை பத்தரையிலிருந்து மூன்று மணிவரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தையிடமும் ஃபோன் இருக்கிறது, பட்டன் ஃபோன். உங்கள் கணக்கில் அவர் ஃபோன் உள்ளவர்தான்.

அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஒரு மனிதர் இருந்தார். கெஞ்சலாம், சண்டை போடலாம், மனு எழுதி மேலே அனுப்பலாம். அத்தைக்குக் கேட்பதற்கு ஆளே இல்லை. மையத்துப் பையன் நல்லவன், தண்ணீர் கொடுத்தான், ஃபேனைத் திருப்பி வைத்தான். "சர்வர் கேக்குது பாட்டி, நான் என்ன பண்றது" என்றான். அவன் சொன்னது உண்மை.

நான் போன மாதம் சொல்ல வந்தது இதைத்தான், சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. இணையம் சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை. கரண்டும் ரோடும்கூட ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தன. வேதனை என்னவென்றால், எல்லோர் கைக்கும் வந்து சேர்வதற்கு முன்பே மற்ற வழிகளை மூடத் தொடங்கிவிட்டோம். புதுவழியில் நடக்க முடியாதவருக்குப் பழைய வழியும் இல்லை.

'யாரிடம் ஃபோன் இருக்கிறது' என்ற கேள்விக்குள் 'அது யாருடைய ஃபோன்' என்று இன்னொரு கேள்வி உண்டு. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தானே பயன்படுத்தும் ஃபோன் உள்ள பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். அதற்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு தூரம் இருந்தது என்பதைப் பாருங்கள். கொரோனா காலத்தில் எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே ஃபோன். அப்பா அதை எடுத்துக்கொண்டு லோடு வண்டிக்குப் போய்விடுவார். ராத்திரி எட்டு மணிக்கு அவர் வந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்த பாடம். முதலில் பையன், அப்புறம் சின்னவன், கடைசியில் பெரிய பெண். அவள் முறை வரும்போது பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது அடுப்பங்கரையில் வேலை இருக்கும். தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டு வரை வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் யார் எவ்வளவு படித்தார்கள் என்பதை அந்த ஒரு ஃபோனின் வரிசைதான் முடிவு செய்தது.

கூலிக்கு வருகிறேன். நூறுநாள் வேலையில் வருகைப்பதிவுக்கு ஒரு செயலி கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் அது கட்டாயம் ஆனது. காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம், இடத்தின் குறியீட்டோடு ஏற்ற வேண்டும். பொய்க்கணக்கைத் தடுக்கத்தான் செய்தார்கள், அந்த நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஏரிக்கரையில் சிக்னல் இருக்க வேண்டுமே. பணித்தளப் பொறுப்பாளரான பெண் ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை ஏறி இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். படம் ஏறாமல் செய்த வேலைக்குக் கூலி போய்விட்டது என்று பல மாநிலங்களிலிருந்து புகார் வந்தது. டில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் தர்ணா இருந்தார்கள்.

அதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. முன்பு பல இடங்களில் விடியற்காலையே வந்து, கொடுத்த அளவை வெட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாட்டைப் பார்க்க வேண்டும், பேரனைப் பார்க்க வேண்டும். இரண்டாவது படம் வந்தபிறகு, வேலை முடிந்தாலும் அந்தப் படத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள் நிறைய. அவர்களுடைய மதியத்தை ஒரு செயலி எடுத்துக்கொண்டது. ஃபோன் வைத்திருக்காத, இணையம் என்ற சொல்லையே பேச்சில் பயன்படுத்தாத பெண்களின் பொழுது அது.

2021 மே மாதத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிட்டபோது கோவின் தளத்தில் பதிந்து நேரம் வாங்கினால்தான் ஊசி. அப்போது அந்தத் தளம் தமிழில் இல்லை. ஸ்லாட் திறந்த சில நொடிகளில் தீர்ந்துவிடும். சென்னையிலேயே ஒரு மென்பொருள் பொறியாளர், ஸ்லாட் திறந்ததும் டெலிகிராமில் சேதி வரும்படி நல்ல மனதோடு ஏற்பாடு செய்து கொடுத்தார். பலருக்கு உதவியது. ஆனால் டெலிகிராம் வைத்திருந்தவர்களுக்குத்தான் உதவியது. பெருநகரத்துக்காரர்கள் கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இடம் பிடித்துக் காரில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு மே 31-ஆம் தேதி உத்தரவில் இதைக் கடுமையாகக் கேட்டது. அரசு மையங்களில் நேரில் போய்ப் பதிந்துகொள்ளலாம் என்ற தளர்வு அதற்கு ஒருவாரம் முன்புதான் வந்திருந்தது. சில வாரம்தானே என்று தோன்றலாம். அந்த வாரங்களில்தான் நாம் ஆட்களை இழந்துகொண்டிருந்தோம்.

தரகர் ஒழிந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் உங்களோடு முற்றிலும் மாறுபடுகிறேன்.

2018-இலிருந்து பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. அதற்கு முன்பு கலந்தாய்வுக்குச் சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். மாணவருக்கும் கூட வருபவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். ராமநாதபுரத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து, சென்னையில் குளிக்க இடமில்லாமல் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். அந்த அலைச்சல் போனது பெரிய விடுதலை. ஆனால் அந்தக் கூடத்தில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். அது எல்லோருக்கும் ஒரே திரை. டாக்டர் மகனும் கூலிக்காரர் மகளும் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். இப்போது 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளை நம் விருப்பப்படி நாமே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், அதற்குச் சில நாள்தான். ஒதுக்கீடு வந்தால் குறித்த கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும். வீட்டில் லேப்டாப்பும் படித்த அண்ணனும் இருந்தால் போன வருடக் கட்-ஆஃபை வைத்து நூறு கல்லூரி அடுக்கிவிடலாம்.

இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். ஒரு பெண், கட்-ஆஃப் 168. கூட அம்மா. சென்டர் ஆள் தனக்குத் தெரிந்த ஏழெட்டுக் கல்லூரியை மளமளவென்று போட்டார். "இது கவர்மெண்ட் காலேஜாப்பா?" என்று அந்த அம்மா கேட்டார். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள், பதில் வரவில்லை. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று அரசு சொல்கிறது, அரசு உதவி மையங்களும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெண்ணின் பாஸ்வேர்டை அமைத்ததே அந்த ஆள்தான், அது அவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். அந்தச் சலுகைக்கான சான்றிதழை ஏற்றினாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. நான் கேட்டபிறகுதான் ஏற்றினார்.

பழைய தரகரிடம் ஒரு காகிதத்தைத்தான் கொடுத்தோம். இப்போது ஆதார் எண், வங்கிக் கணக்கு, மகளின் ஃபோன் நம்பர், அவள் எதிர்காலம் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவர் திரையில் திறந்து வைத்துவிட்டு வருகிறோம். இதைக் கற்றுக்கொள்ள முயலாதவர் என்று சொல்வது நியாயமா? அந்த அம்மா மகளைப் பன்னிரண்டாவதுவரை படிக்க வைத்தவர். அதைவிட என்ன முயற்சி வேண்டும்?

வழி இல்லாமல் இல்லை. 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது என்ன செய்தார்கள்? ரேஷன் கடைப் பணியாளர்கள் வீடுவீடாகக் காகிதப் படிவமும் டோக்கனும் கொடுத்தார்கள். முகாமில் தன்னார்வலர்கள் கையில் இருந்த ஃபோனில் பதிவு நடந்தது. இணையம் முழுக்க இருந்தது, ஆனால் அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் பதிவு செய்தவர்கள், கேட்டு வந்த பெண்கள் அல்ல. 1 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு. கேமரா முன் கண்ணைச் சிமிட்டினால்தான் வங்கி அடையாளச் சரிபார்ப்பு முடியும் என்றிருந்தது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்கள் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர்.மகாதேவன். டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது அந்த அமர்வு. கூடவே, காகிதத்தில் சரிபார்க்கும் முறையும் தொடர வேண்டும் என்றது. எனக்கு அந்த இரண்டாவது வரிதான் ரொம்ப முக்கியம்.

சரி, உங்கள் டேப்லெட்டுக்கு வருகிறேன். கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் நான் போன ஒரு பள்ளியில் இப்படி வந்தவை பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருந்தன. உடைந்தால் யார் பொறுப்பு என்று பயம், ரீசார்ஜ் யார் போடுவது என்று குழப்பம். 20 வேண்டாம், ஐந்து போதும். மீதிப் பணத்தில் ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர் வாங்குங்கள். உங்கள் ஊரிலேயே டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். வாரம் மூன்று சாயங்காலம் ஊர் நூலகத்தில் உட்காரட்டும், மே முதல் ஆகஸ்ட் வரை தினமும். விண்ணப்பம், ஸ்காலர்ஷிப், பென்ஷன், எது வந்தாலும் அவசரமில்லாமல் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். யார் பெயரில் விண்ணப்பமோ அவர் நம்பரையே பதியட்டும். பாஸ்வேர்டை அவர்கள் நோட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் தன்னிடம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று நண்பர்களிடம் பேசிவிட்டு எழுதுங்கள், கௌரவமான தொகையாக இருக்கட்டும். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வந்துவிடும். அதற்குள் பிரிண்டர் தயாராக இருக்க வேண்டும். முதல் வாரம் நானும் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்.