விதைப்பந்தும் வெடிப்பலாவும்

அன்புள்ள ஐயா,

வால்பாறை மழைக்காட்டை ஒட்டியுள்ள ஆய்வு நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக நாற்றங்கால் போட்டு, கன்று கன்றாக நடுகிறார்களாமே. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இரண்டாயிரம் விதைப்பந்து உருட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் வேம்பு, புங்கன். ஜூனில் மலையில் வீசிவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். பிறகு காடு தானாக வளராதா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

தயவுசெய்து வீசாதீர்கள்.

வேம்பும் புங்கனும் ஈரோட்டு வெயிலைத் தாங்கும் மரங்கள். மழைக்காட்டு மரங்களின் விதையோ வேறு ரகம். பலவும் காய்ந்தாலே செத்துவிடும். வெடிப்பலா என்ற மழைக்காட்டு மரத்தின் காய், முள்ளம்பன்றி சுருண்ட மாதிரி இருக்கும். வெடித்ததும் உள்ளே பளபளவென்று பழுப்பு விதை. அதை மண்ணில் உருட்டி வெயிலில் காயவைத்தால் அப்போதே கதை முடிந்தது. ஈரம் போவதற்குள் நாற்றங்காலுக்கு வந்தாக வேண்டும்.

அந்த விதைகளைக்கூட ஆய்வு நிலையத்தார் காட்டுக்குள் போய் அள்ளுவதில்லை. சாலையோரம் விழுந்து, எப்படியும் டயரில் நசுங்கப்போவதைத்தான் பெரும்பாலும் பொறுக்குகிறார்கள். உள்ளே விழுந்தது காட்டுக்கு. இப்படியே நூற்றுக்கும் மேற்பட்ட மர வகைகளை வளர்த்திருக்கிறார்கள், அந்த நிலையத்தை நடத்தும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள்.

தானாக வளராதா என்றால், பெரிய காட்டை ஒட்டிய இடத்தில் வளரும். இருவாச்சிப் பறவையும் மரநாயும் பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் கொண்டுவந்து போடும். ஆனால் வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் சோலைகள்தான் சிக்கல். அதில் பல எஸ்டேட் நிலம். கம்பெனி சம்மதித்தால்தான் உள்ளே கால் வைக்கவே முடியும். சில துண்டுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியிருக்கும். அடியில் விழும் விதைக்கு வெளிச்சம் ஏது? அதை வெட்டுவதும் சும்மா இல்லை. புதருக்குள் தானாக முளைத்த நாட்டுக் கன்று ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். அதன்மேல் அரிவாள் படாமல் சுற்றிலும் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். ஒருநாள் வேடிக்கை பார்த்த எனக்கே பொறுமை போய்விட்டது.

சரி, பிள்ளைகள் உருட்டியது வீணாக வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கமே தரிசில், மழை பெய்த மறுநாள் குழி தோண்டிப் போடுங்கள். வீசினால் பாதி எறும்புக்கு.

வால்பாறைக்கு வெறுங்கையோடு போய் வாருங்கள். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலைக்கே வரும். யாரும் பிஸ்கட் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் என்றால் அட்டை மொய்க்கும், அதை விரட்ட மூக்குப்பொடியை மறக்க வேண்டாம்.