கரையில் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

கோடை வந்தால் நானும் கணவரும் வீட்டில் தங்குவதில்லை. ஜூனில் பனிமலையிலிருந்து இறங்கும் ஓர் ஆறு, ஜூலை, ஆகஸ்ட்டில் கடற்கரை. இரண்டிலுமே தண்ணீர் ஊசியாய்க் குத்தும். அவர் வண்டியை நிறுத்திய வேகத்தில் ஓடிப்போய்க் குதித்துவிடுவார். எனக்கு முழங்கால் நனையவே பத்து நிமிடம் ஆகும். “குதிச்சா பழகிடும், நின்னு யோசிச்சா பயம்தான் வளரும்” என்பார். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பேரிங் நீரிணையில் நீந்திய லின் காக்ஸைப் பார், அவரும் பெண்தானே என்று வேறு சொல்கிறார். இந்தக் குளிர்க்குளியல் உடம்புக்கு நல்லதா? வெட்சூட் என்கிற ரப்பர் நீச்சலுடை வாங்கலாமா? நான் கோழையா? கடைசிக் கேள்விக்காவது பதில் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மனைவி பழைய சட்டை ஒன்றைக் கிழித்துத் துடைக்கும் துணியாக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை ஆற்றங்கரையில் அவர் எனக்குப் பொத்தான் மாட்டிவிட்ட சட்டை அது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன்.

முதல் இரண்டு கேள்விகளை முடித்துவிடுகிறேன். உடம்புக்கு நல்லதா என்பதை, அதுவும் இதயத்திலோ ரத்த அழுத்தத்திலோ கோளாறு இருந்தால், மருத்துவரிடம் கேளுங்கள். எழுத்தாளனிடம் கேட்காதீர்கள். வெட்சூட் வாங்குங்கள், அதில் என்ன தயக்கம்?

“குதிச்சா பழகிடும்” என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். எனக்கு அதன் மேல் தனிப்பட்ட கோபம் உண்டு. தோல் சட்டென்று குளிர்ந்ததும் மூச்சு தானாக உள்ளே வாரி இழுக்கும். நாம் இழுப்பதில்லை, அது இழுக்கிறது. 2, 3 லிட்டர் காற்று ஒரே இழுப்பில் உள்ளே போகும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும். அதன் பின் மூச்சு நாய்க்கு இரைப்பதைப் போல இரைக்கும், இதயம் தடதடக்கும். நீச்சல் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் அப்போது பேச்சே இல்லை. பனிக்கட்டி மிதக்கும் நீராக இருக்க வேண்டும் என்றும் இல்லை, 15 டிகிரியே போதும். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். முதல் அரை நிமிடம்தான் மோசம், பிறகு ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால்தான் பிரிட்டனின் கடல்மீட்புப் படகுக்காரர்கள், தவறி விழுந்தால் நீந்தாதே, மல்லாந்து மித, மூச்சு உன் கைக்கு வரட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பழகுமா? பழகும். சில நிமிடங்களாக ஐந்தாறு முறை இறங்கி ஏறினால் அந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆனால் அது வெவ்வேறு வேளைகளில், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பெற்ற பழக்கம். காற்றில் பறந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் பழகுவதில்லை. கோடையில் மட்டும் தண்ணீரைப் பார்க்கிற உங்கள் கணவர் போன வருடப் பழக்கத்தை நம்பி ஜூனில் குதிக்கக் கூடாது. அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுங்கள்.

லின் காக்ஸ் விஷயம். 1987 ஆகஸ்ட்டில் வெறும் நீச்சலுடையில் 2 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நீந்தி, அந்த நீரிணையின் நடுவிலுள்ள இரண்டு டயோமீட் தீவுகளுக்கு இடையிலான நீரைக் கடந்தார். உண்மை. அந்த நீச்சலுக்கு அனுமதி வாங்கவே பத்து வருடத்துக்கு மேல் அலைந்தார், பக்கத்திலேயே படகில் மருத்துவர்கள் வந்தார்கள். உங்கள் கணவருக்குப் பக்கத்தில் யார் வருகிறார்கள்? நீங்கள்தான், முழங்கால் தண்ணீரில்.

கோடை என்ற சொல்லே ஆளை ஏமாற்றிவிடுகிறது. வெயில் ஏறினால் பனி இன்னும் உருகி, ஆறு இன்னும் பெருகும். கடலும் அப்படி ஏமாற்றும். உதாரணமாக, கலிபோர்னியாவின் வடக்குக் கரையில் கோடைக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். சுள்ளென்ற ஜூலையிலும் கடல் 13, 14 டிகிரியில் கிடக்கும். நாம் தோளில் அடிக்கும் வெயிலை வைத்துத் தண்ணீரை எடைபோடுகிறோம்.

நானும் அப்படி எடைபோட்டவன்தான். அந்தச் சட்டையின் கதை இதுதான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. மனைவி வழக்கம்போல ஒரு பாறை மேல் துண்டு, காய்ந்த சட்டை, குல்லா, காலுறை என்று வரிசையாக எடுத்து வைத்தார். “கடை விரிச்சாச்சா?” என்று கேலி செய்துவிட்டுத்தான் இறங்கினேன். அவரைக் கரைக்காவல் என்றே கூப்பிடுவேன், நண்பர்கள் முன்னிலையிலும். அன்று கால் மணி நேரம் நீந்தியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஆரம்பித்தது. உடம்பு குலுங்கியது, பல் கிட்டிக்கொண்டது. கரையேறிய பிறகும் உள்சூடு சற்று நேரம் இறங்கிக்கொண்டே போகும் என்பது எனக்குத் தெரியாது. காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகத் தண்ணீர் நம் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதும் தெரியாது. விரல்கள் யாருடையவோ போலத் தொங்கின. சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியவில்லை.

கனடா ஆராய்ச்சியாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் உறைகுளிர் நீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். நான் நீந்தியது அத்தனை குளிர்ந்த நீர் இல்லை. இருந்தாலும் என் நடு எண் அன்று முடிந்துபோயிருந்தது. இன்னும் சற்று நேரம் உள்ளேயே இருந்திருந்தால் பிடித்து ஏறக் கிளை கிடைத்தும் பிடிக்க விரல் இருந்திருக்காது.

நான் ஏதோ வேடிக்கையாகப் பேச முயன்றேன். நாக்கும் குழறியது. “வாய மூடிக்கிட்டு கைய நீட்டுங்க” என்றார். ஈரத்தைக் கழற்றி, துடைத்து, சட்டையைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். திட்டவில்லை. குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டார். திரும்பும்போது வண்டியை அவர்தான் ஓட்டினார். கேலிக்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியாது.

நீங்கள் கோழையா என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் தோல் தண்ணீரோடு பேசி முடிக்கிறது. அதை நிறுத்தாதீர்கள். முழங்கால், இடுப்பு, பிறகு கையில் அள்ளி முகத்தில், அப்புறம் தோள். அவரும் உங்களோடு அப்படியே இறங்கட்டும். முடியாது என்றால் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கோழையா என்ற கேள்வியை அவர் காதிலேயே வாங்கவில்லை. “அவரு குதிக்கிறப்ப அந்தப் பொண்ணு கையில கயிறு ஏதாவது இருக்கா? ஆத்துல இழுத்துக்கிட்டுப் போனா இவளும் பின்னாலயே குதிக்கக் கூடாது, எறியணும்” என்றார்.

இருக்கிறதா?