வேலையிடத்தில் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. தீர்க்க ஒழுங்கான முறை உண்டா? டிமெய்க் என்ற ஐந்து படி முறை, ஏ3 என்ற ஒற்றைத் தாள் முறை என்கிறார்களே, அதெல்லாம் நிஜமாகவே உதவுமா?

உதவும். ஆனால் எனக்கு உதவிய இடம் நான் நினைத்த இடமாக இல்லை.

நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது சப்ளையர்களுக்குப் பணம் போவது எப்போதும் தாமதம். மாதக் கடைசியில் போன் மேல் போன். மேனேஜர் கையெழுத்துப் போட நாளாக்குகிறார் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. ஆன்லைனில் ஒப்புதல் வாங்கும் மென்பொருள் வேண்டும் என்று கேட்டு ஒரு குறிப்பே தயாரித்து வைத்திருந்தோம்.

அப்போது வேறு பிரிவிலிருந்து வந்த ஒரு சீனியர், "பிரச்சினை என்னவென்று ஒரே வரியில் எழுதுங்கள்" என்றார். "ஆன்லைன் ஒப்புதல் இல்லாததால் பணம் தாமதமாகிறது" என்று எழுதினோம். அடித்துவிட்டார். தீர்வையே பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள் என்றார். அடுத்து மேனேஜரைக் குறை சொல்லி ஒரு வரி. அதற்கும் அதே கதி. மூன்றாவது முறை எழுதியது இது: "பில் வந்து 30 நாளுக்குள் பணம் போக வேண்டும். பத்தில் நான்கு பில்லுக்கு அதைத் தாண்டுகிறது." இதில் காரணமும் இல்லை, ஆளும் இல்லை. இந்த ஒரு வரிக்கு அரை நாள் ஆனது. மொத்த வேலையிலும் உருப்படியான அரை நாள் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் அளந்தோம். சுத்த சலிப்பான வேலை. ஒவ்வொரு பில்லிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தி, எந்த மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, எப்போது போனது என்று மூன்று வாரம் குறித்தோம். மேனேஜர் மேசையில் பெரும்பாலும் ஒரு நாள்தான். நாட்கள் கரைந்தது எங்களுடைய சொந்தத் தட்டில்! பில்லும் பர்ச்சேஸ் ஆர்டரும் பொருந்தவில்லை என்று நாங்களே ஓரமாக ஒதுக்கி வைத்தவை. அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏன் பொருந்தவில்லை? ஆர்டரில் 240 பெட்டி, பில்லில் 240 பீஸ். ஏன் அப்படி? ஆர்டர் போடும் திரையில் அலகு என்ற இடத்தில் தானாகவே 'பெட்டி' என்று நிற்கும்; வாங்குபவர் எண்ணை மட்டும் அடித்துவிட்டுப் போய்விடுவார். சப்ளையருக்கோ விலையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும், சரியாகவே அனுப்பிவிடுவார். அதனால் தவறு எங்களிடம் வரும்வரை யார் கண்ணிலும் படாது. ஏன் 'பெட்டி'? ஆர்டர் மென்பொருள் போட்ட காலத்தில் வாங்கியதெல்லாம் பெட்டிக் கணக்கில். பிறகு ஏன் மாற்றவில்லை? பொருள் பட்டியலைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று யாருக்குமே தெரியாது.

இப்படி 'ஏன்' கேட்டுக்கொண்டே போவது டொயோட்டாவில் வேரூன்றிய பழக்கம். அங்கே உற்பத்தி முறையை வளர்த்தெடுத்த தைச்சி ஓனோ சொல்லும் உதாரணம் பிரபலம்: இயந்திரம் நின்றது, ஃபியூஸ் போயிருந்தது. பளு கூடியதால் போனது. பேரிங்குக்கு எண்ணெய் போதாததால் பளு கூடியது. பம்பு சரியாக இழுக்காததால் எண்ணெய் போதவில்லை. பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்த் தேய்த்திருந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் கொஞ்ச நாளில் மறுபடி நின்றிருக்கும். ஒரு எச்சரிக்கை: 'ஏன்' என்று கேட்டு 'கவனக்குறைவு' என்ற பதிலில் வந்து நின்றால், நீங்கள் பாதியிலேயே நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கும் போலிருந்தால், ஜப்பானியத் தர நிபுணர் கவோரு இஷிகாவாவின் மீன்முள் வரைபடத்தில் (காரணங்களை மீன் எலும்புபோல் கிளை கிளையாக வரைவது) எல்லாவற்றையும் பரப்பிப் பார்ப்பது மேல்.

சரி, அதிகமாக மாட்டிக்கொண்ட பொருட்களுக்கு மட்டும் முதலில் அலகைத் திருத்தினோம். தாமதம் மளமளவென்று குறைந்தது. அறிக்கை எழுதினோம், பாராட்டு வாங்கினோம், கலைந்தோம்.

ஆறு மாதத்தில் பழைய குருடி, கதவைத் திறடி. புதுப் பொருட்களைச் சேர்த்தவர் புதியவர். அலகு மறுபடியும் 'பெட்டி'. டிமெய்க் என்பது வரையறு, அள, ஆராய், மேம்படுத்து, கட்டுப்படுத்து என்ற ஐந்து படிகள். குறைபாடுகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா என்ற தர மேம்பாட்டு முறையோடு பரவியது. கடைசிப் படியைத் தாள் வேலை என்று நாங்கள் தாண்டியிருந்தோம். இரண்டாம் முறை, அலகைத் தேர்ந்தெடுக்காமல் ஆர்டரைச் சேமிக்கவே முடியாதபடி அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னோம். தவறு செய்ய வழியே இல்லாமல் செய்யும் இதை ஜப்பானியர் போகா-யோகே என்பார்கள். பட்டியலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, தேங்கிய பில் எத்தனை என்று வாராவாரம் பலகையில் எழுதினோம்.

எந்த முறையை எடுப்பது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். அமெரிக்கத் தர நிபுணர் டெமிங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட திட்டமிடு, செய், சரிபார், செயல்படு சுழலும் கிட்டத்தட்ட இதே பாதைதான். ('சரிபார்' என்ற சொல் டெமிங்குக்கே பிடிக்காது, 'ஆராய்ந்து கற்றுக்கொள்' என்ற பொருளில் வேறு சொல்லைப் பயன்படுத்தினார்.) தொடங்குகிறவருக்கு நான் ஏ3 தான் சொல்வேன். 297-க்கு 420 மில்லிமீட்டரில் ஒரே ஒரு தாள். பிரச்சினை, இன்றைய நிலை, காரணம், முயற்சி, விளைவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இடமில்லாததால் கதை விட முடியாது.

காரணம் பளிச்சென்று தெரிந்த சிக்கலுக்கு இதெல்லாம் தேவையில்லை, நேராகச் சரிசெய்துவிடுங்கள். யாரைக் குற்றவாளியாக்குவது என்று மேலிடம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட இடத்திலும் வேண்டாம். அங்கே உங்கள் மீன்முள் சாட்சிப் பத்திரமாகிவிடும்.

அந்த ஆன்லைன் ஒப்புதல் மென்பொருளை அடுத்த வருடம் வாங்கினார்கள். வேறு ஒரு காரணத்துக்காக.