லூக்காஸ் பியூசில 35 எண்டால் 35 இல்லை: கேள்வி பதில்

நாப்பது வருசமாய் யாழ்ப்பாணத்தில பழைய கார் வயரிங் செய்யிறன். மொறிஸ் மைனர், ஒக்ஸ்போட், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் எல்லாம் கைபட்ட கார்கள். இந்தக் கார்களுக்கு மின் சாமான் செய்த இங்கிலாந்துக் கொம்பனி லூக்காஸ், அவையின்ர பியூசைப் பற்றிக் கேளுங்கோ. கேக்கிறவையின்ர ஊர்ப் பெயரை முன்னுக்குப் போட்டிருக்கிறன். காபுரேற்றர், பெயின்ற், விலை கேக்கிறவை வேற ஆளைப் பிடியுங்கோ.

கொக்குவில்: மைனர் ஒண்டு வாங்கினனான். பழைய கண்ணாடிப் பியூசுக்குள்ள இருக்கிற கடுதாசித் துண்டில 35 எண்டு கிடக்கு. கடையில 35 இல்லையாம், 30 அம்பியர் பிளேட் பியூஸ் (இப்பத்தைய கார்களில வாற, ரெண்டு தட்டைக் கால் உள்ள பிளாஸ்ரிக் பியூஸ்) தந்தாங்கள். போடலாமோ அண்ணை?

வேண்டாம் தம்பி. எல்லாரும் பிழைவிடுற இடம் இதுதான். லூக்காஸ் கண்ணாடிப் பியூசில எழுதியிருக்கிறது அது எரிஞ்சு போற அளவு. தொடர்ந்து தாங்கிறது அதில பாதி, 17 அம்பியர்தான். பிளேட் பியூசில எழுதியிருக்கிறது தொடர்ந்து தாங்கிற அளவு. 35க்கு 30 போட்டு அஞ்சு குறைச்சிட்டன் எண்டு நீர் நினைப்பீர். உண்மையில இரட்டிப்புக்குக் கிட்டக் கூட்டிப்போட்டீர்.

பியூஸ் இருக்கிறது ஹோணையோ வைப்பரையோ காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்த. 0.30 மில்லிமீற்றர் இழை 28 உள்ள வயர் 17.5 அம்பியர் தாங்கும். 14 இழை வயர் எண்டால் 8.75தான். 30 போட்டால் பியூஸ் சும்மா இருக்க வயர் உருகும்.

உம்மட பெட்டியில பியூஸ் ரெண்டுதான். பெட்டி முனைகளில ஏ1, ஏ2, ஏ3, ஏ4 எண்டு எழுதியிருக்கும். ஏ1, ஏ2க்கு நடுவில இருக்கிறதுக்கு மண்ணிற வயரால கரண்ட் வந்து ஊதா வயரால போகும். அது எப்பவும் உயிரோட இருக்கும்: ஹோண், உள் லைற். ஏ3, ஏ4க்கு நடுவில இருக்கிறது திறப்புப் போட்டால்தான். வெள்ளையால வந்து பச்சையால போகும்: வைப்பர், பிறேக் லைற், சிக்னல், பெற்றோல் மீற்றர். ரெண்டுக்கும் லூக்காஸ் 35 கிடைச்சால் அதைப் போடும். இல்லாட்டி பிளேட் ஹோல்டர் பூட்டி நீல நிற 15 போடும். அமெரிக்கக் கண்ணாடிப் பியூஸ் ஒரு ரெண்டு மில்லிமீற்றர் நீளம் கூட, நெருக்கித் தள்ளினால் கிளிப் விரிஞ்சுபோகும். எரிஞ்ச பியூசில சிகரெட் பெட்டித் தாள் சுத்தாதேயும்.

உரும்பிராய்: ஹெட்லைற் ரண்டும் ஒண்டாய் நிண்டிட்டுது. எந்தப் பியூஸ்?

ஒண்டும் இல்லை. மைனரில ஹெட்லைற்றுக்குப் பியூசே வைக்கேல்லை. வெளிச்சத்தை ஏத்தி இறக்கக் காலால மிதிக்கிற டிப் சுவிச்சைப் பாருங்கோ, நீல வயர் கழண்டிருக்கும். திருத்தினாப் பிறகு நீங்களாய் பியூஸ் வைக்கிறது நல்லது. 45 வாற்ஸ் பல்ப் ஒண்டு 12 வோல்ற்றில இழுக்கிறது 3.75 அம்பியர். இடத்துக்கொண்டு வலத்துக்கொண்டாய் 7.5 பிளேட் வையுங்கோ. ரெண்டுக்கும் ஒண்டு வைச்சால், அது போற அண்டைக்குச் சந்தியில இருட்டுக்கை நிப்பீங்கள்.

நல்லூர்: 30 பிளேட் போடலாமோ?

கொக்குவில் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கோ.

பருத்தித்துறை: பியூஸ் போகேல்லை, ஆனால் தொட்டால் சுடுது. வைப்பர் இடைக்கிடை நிக்குது.

கடற்காத்து. கிளிப்பில பச்சை பிடிச்சிருக்கும். பற்றரி வயரைக் கழட்டிப்போட்டு எமறித்தாளால தேய்ச்சு, கிளிப்பை மெல்ல நெரிச்சு விடுங்கோ. எரிஞ்ச பியூசை எறியமுந்தி வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. கண்ணாடி கறுத்திருந்தால் ஷோட். கறுக்காமல் நடுவில அறுந்திருந்தால் பாரம் கூட. நுனி ஈயம் உருகியிருந்தால் உங்கட கிளிப் வருத்தம்தான்.

மானிப்பாய்: இவ்வளவு கணக்கு என்னத்துக்கு? சண்டை நேரம் பெற்றோல் வராத தடைக்காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓடேக்க ஆர் பியூஸ் தேடினது? வயர் இழை ஒண்டைச் சுத்தினம், ஓடினம். என்ர கார் எரியேல்லை.

மாஸ்ரர், நானும் சுத்தினனான். அந்த 0.30 இழை ஒண்டு உருகச் சுமார் 13 அம்பியர் வேணும். ஆக, தெரியாமலே சரியாத்தான் செய்திருக்கிறீங்கள். அது போனவுடன ரெண்டு இழை, பிறகு மூண்டு எண்டு முறுக்கினதுதான் பிழை. அதுக்குப் பிறகு அது பியூஸ் இல்லை, வயர்.

சாவகச்சேரி: மாஸ்ரரின்ர கார் எரிய அப்ப அதில பற்றரி எங்க இருந்தது? நாங்களெல்லே தள்ளி ஸ்ராட் பண்ணினது!

மானிப்பாய்: தள்ளினது நீர் ஏறின நாளில மட்டும். பாரம்.

சிரிப்பை விட்டுப்பாத்தால், அதில விசயம் இருக்கு. செத்த பற்றரிக்கு வயரை எரிக்க வலு இல்லை. இப்ப புதுப் பற்றரி பூட்டிக்கொண்டு அந்தக்கால ஞாயம் கதைக்கேலாது.

அச்சுவேலி: பிறேக் மிதிக்கேக்க மட்டும் பியூஸ் போகுது. ஆறு பியூஸ் முடிஞ்சுது.

ஏழாவதைப் போடாதேயும். பியூஸ் இருந்த இடத்தில 21 வாற்ஸ் பல்ப் ஒண்டைக் கொழுவும். பிறேக்கை ஆரையும் மிதிக்கவிட்டிட்டு வயரை ஆட்டிக்கொண்டு பின்னுக்குப் போம். ஷோட் பிடிச்சால் பல்ப் முழு வெளிச்சத்தில எரியும், விட்டால் மங்கும். டிக்கி மூடி மடியிற இடத்தில முதல் பாரும். சிகரெட் தாள் சுத்திறதில்லை, சொல்லிப்போட்டன்.

சுன்னாகம்: வோக்ஸ்வாகன் பீற்றிலுக்கு?

அது பீங்கான் பியூஸ். வெள்ளை 8, சிவப்பு 16. அதில எழுதினது தொடர்ந்து தாங்கிற அளவு, பாதியாக்காதேங்கோ.

கோப்பாய்: என்ர காரில பொசிற்றிவ் ஏத், பற்றரியின்ர பொசிற்றிவ் பக்கம்தான் பொடியோட பூட்டியிருக்கு. பியூசைத் திருப்பிப் போடோணுமோ?

பியூசுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டு.

வட்டுக்கோட்டை: 30 பிளேட் இருக்கு, போட்டால்...

இல்லை! கொக்குவில்!

அச்சுவேலி: டிக்கி மடிப்புத்தான் அண்ணை. வயர் தோல் உரிஞ்சு கிடந்தது. இப்ப 15இல நிக்குது.

சந்தோசம். அந்த இடத்துக்கு ஒரு றப்பர் குழாய் போட்டு விடும்.

மானிப்பாய்: தம்பி, உண்மையைச் சொல்லுறன். என்ர கேம்பிரிட்ஜில இன்னும் அந்த இழைதான் கிடக்கு.

எத்தினை இழை மாஸ்ரர்?

மானிப்பாய்: நாலு.

நாளைக்குக் காலமை கொண்டு வாங்கோ. வரேக்க ஹோண் அடிக்காதேங்கோ.