தலையில் காந்தம் வைத்தால் சிகரெட் ஆசை போகுமா?

கேள்வி: 25 வருடப் பழக்கம். நிகோடின் சூயிங்கம் மென்று இரண்டு முறை விட்டேன். இரண்டு முறையும் திரும்பத் தொட்டுவிட்டேன். மூளையைக் காந்தத்தால் தூண்டி நிறுத்த வைக்கிறார்களாமே, இது ஷாக் ட்ரீட்மெண்ட்தானே? பலன் இருக்குமா?

பதில்: ஷாக் ட்ரீட்மெண்ட் இல்லை. அதில் மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள். இதில் நீங்கள் விழித்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். ஹெல்மெட் மாதிரியான கருவி மூன்று விநாடி டக்டக்கென்று மரங்கொத்தி போலக் கொத்தும், பதினைந்து விநாடி சும்மா இருக்கும். இப்படியே 18 நிமிடம். தலைவலி வரலாம், தாடை இழுக்கலாம்.

குறி வைக்கும் இடங்களில் ஒன்று, மூளையின் பக்கவாட்டில் ஆழத்தில் மடிந்து கிடக்கும் இன்சுலா. பக்கவாதத்தில் இந்த இடம் சேதமான சிலருக்குச் சிகரெட் ஆசையே அற்றுப்போனதை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கிருந்துதான் இந்த யோசனைக்கு வலு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் கருவியை இயக்கும் முன் உங்கள் ஆசையைக் கிளறிவிடுவார்கள். புகைக்கும் படங்களைக் காட்டி, எப்போது கை பாக்கெட்டைத் தேடும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்படி விழித்துக்கொண்ட, மூளையில் ஆசையை எழுப்பும் நரம்புச் சுற்றின் மேல்தான் காந்தம் வேலை செய்ய வேண்டும்.

பலன்? 262 பேரிடம் நடந்த சோதனையில், தொடர்ந்து நான்கு வாரம் தொடாமல் இருந்தவர்கள் 19.4 சதவீதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காந்தத் தூண்டல் இல்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 8.7. இதை வைத்துத்தான் 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இரண்டு மடங்கு என்று விளம்பரம் சொல்லும், பொய்யில்லை. ஆனால் ஐந்தில் நான்கு பேருக்குப் பலிக்கவில்லை என்பதும் அதே கணக்குதான். மூன்று வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், அப்புறம் மூன்று வாரம் வாரம் ஒரு முறை என 18 தடவை போய்வர வேண்டும்.

வலிப்பு வந்திருந்தாலோ, தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் கேட்க உதவும் காக்ளியர் கருவி இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். புகையை விடுவதற்கும் மனச்சோர்வுக்கும் தரும் புப்ரோபியான் மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள். அது வலிப்பு அபாயத்தைக் கூட்டும். வீட்டிலேயே தலையில் மாட்டிக்கொள்ளும் மின்பட்டைகள் வேறு சமாச்சாரம், வாங்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்கு முன், புகையை விட உதவும் வரெனிக்ளின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்பேன். இல்லாவிட்டால் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் சூயிங்கமும் சேர்த்து, ஆலோசகர் துணையோடு ஒரு முறை. அந்தச் சூயிங்கத்தைச் சாதாரண கம் போல விடாமல் மென்றீர்களா? அப்படியென்றால் நிகோடினில் ஒரு பங்கு வயிற்றுக்குப் போய் வீணாகியிருக்கும். காரம் தட்டும்வரை மெல்ல மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும்.