கீழ்க்கோர்ட்டில் தூக்குத் தண்டனை: குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் சித்தப்பா மகனுக்கு செஷன்ஸ் கோர்ட்டில் தூக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். 30 நாளில் அப்பீல் போடாவிட்டால் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சித்தி சாப்பிடுவதே இல்லை. அவன் செய்திருக்க மாட்டான் என்றே நம்புகிறோம். என்ன வழி?
- தென்காசி வாசகர்

பதில்: முதலில் சித்தியிடம் ஒன்றைச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் இந்தத் தண்டனையை யாராலும் நிறைவேற்ற முடியாது. நீங்கள் அப்பீல் போடாவிட்டாலும் கேஸ் கட்டு தானாகவே மதுரைக் கிளைக்குப் போய்விடும். அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியங்களை மறுபடி எடைபோடுவார்கள். விடுதலை செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் 30 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் சிறையிலிருந்தே சட்டப் பணிகள் குழுவுக்கு எழுதிக் கொடுக்கலாம். பீஸ் கிடையாது.

எஃப்ஐஆர், முதல் வாக்குமூலங்கள், அடையாள அணிவகுப்பு (சாட்சிகள் ஆளை அடையாளம் காட்டும் நடைமுறை) அறிக்கை எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில் 2003-ல் நடந்த கொலை வழக்கில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர் மாட்டினார்கள். மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அவர்களையும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கு என்றது. ஆனால் உயிர் தப்பிய பெண், சம்பவம் நடந்த சில நாட்களுக்குள்ளேயே போலீஸ் போட்டோக்களில் வேறு நான்கு பேரைக் காட்டியிருந்தார். அந்தக் காகிதம் கட்டுக்குள்ளேயே கிடந்தது. அந்த நால்வரை யாரும் விசாரிக்கவில்லை. 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. இடையில் தூக்கிலிட்டிருந்தால் அந்தத் தீர்ப்பை யாரிடம் படித்துக் காட்டுவது? கொலையுண்டவர் வீட்டாரின் துயரத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனாலும் தூக்குத் தண்டனை கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பள்ளிச் சான்றிதழையும் தேடி எடுங்கள். சம்பவத்தன்று 18 வயது நிரம்பவில்லை என்பதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். 1994-ல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவருக்கு, அப்போது 12 வயதுதான் என்று ராஜஸ்தான் பள்ளிப் பதிவேடு காட்டியது. 2023-ல் வெளியே வந்தார், 28 ஆண்டு சிறையில் கழித்த பிறகு.

உயர் நீதிமன்றம் உறுதி செய்துவிட்டாலும் உச்ச நீதிமன்றம், திறந்த நீதிமன்றத்தில் சீராய்வு (அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மறுபடி பார்ப்பது), ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு என்று வழிகள் இருக்கின்றன. கருணை மனு தள்ளுபடியான தகவல் கிடைத்த பிறகும் 14 நாள் அவகாசம் தந்தாக வேண்டும்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலைத் தண்டனை பெற்றவருக்கு உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்து சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கும்போது அது கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் அன்றைக்கே சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.